ஆள்காட்டி இங்கிலீஷில் அபாயம் சொன்ன கதை

ஒரு காட்டில், ஓடையைத் தாண்டினால் ஒரு பொட்டல் வெளி. அந்தப் பொட்டலில் கிக்கிரி என்று ஒரு பெண் ஆள்காட்டிக் குருவியும், அவள் புருஷன் மெல்லப்பனும் குடியிருந்தார்கள்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது, பிள்ளைகளா. வெறும் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கூழாங்கல் மாதிரியேதான் இருக்கும். மான்கூட்டம் நாள் முழுக்க மேய்கிற இடத்தில் முட்டையிட்டால், அது மிரண்டு ஓடும்போது மிதிபடாதா என்று கேட்பீர்கள். மிதிபடாது. அதற்கு அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது.

புலியோ சிறுத்தையோ தலைகாட்டினால் கிக்கிரி தன் முட்டைகளுக்கு மேலே நின்றுகொண்டு, "கீக்! கீக்! கிக்கிரிக்கீ!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். சத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு மான்கள் மற்றப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். மான்களுக்கு உயிர் மிஞ்சும், கிக்கிரிக்கு முட்டை மிஞ்சும்.

மெல்லப்பன் கத்த மாட்டானா? கத்துவான். ஆனால் அவன் குரல் பக்கத்துக் கூழாங்கல்லுக்கே கேட்காது. அவ்வளவு சாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைனா வாத்தியார் வந்து சேரும் வரைக்கும்.

இந்த மைனா டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் ஜன்னலில் உட்கார்ந்தே மூன்று மழைக்காலம் கழித்தவர். காட்டுக்குள் நுழையும்போதே "குட் மார்னிங்" என்றுதான் நுழைந்தார். அப்போது சாயங்காலம். நாவல் மரத்தடிப் பாறையில் ஏறி நின்று, "இனிமேல் இங்கே தினமும் வகுப்பு" என்றார். காடே திரண்டு வந்தது. காட்டுக்கு வேறு என்ன வேலை?

"இங்கிலீஷில் குணத்தையும் மனசையும் சொல்கிற பெரிய சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டிச் சொல் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வால் இல்லாமல் பேசினால் மானம் போகும். வாலை மாற்றி ஒட்டினால் மரியாதையும் சேர்ந்து போகும்" என்றார் வாத்தியார்.

கரடி எழுந்தது. "சார், ஐ ஆம் ஃபாண்ட் ஹனி. எனக்குத் தேன் பிடிக்கும், சரிதானே?"

"வால் எங்கே? வால் எங்கே?" என்று குதித்தார் வாத்தியார்.

கரடி திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. "எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் சின்னதுதான் சார்."

"உன் வால் இல்லையய்யா! 'ஃபாண்ட் ஆஃப்'! எதிலாவது கெட்டிக்காரன் என்றால் 'குட் அட்'. யார் மேலாவது கோபம் என்றால் 'ஆங்ரி வித்'. ஒன்றில் ஆசை என்றால் 'இன்ட்ரஸ்டட் இன்'. சொல்லுங்கள் எல்லோரும்!"

எல்லோரும் சொன்னார்கள். கிக்கிரியும் சொன்னாள். அப்போது மயில் கழுத்தை ஒடித்துக்கொண்டு சிரித்தது.

"அடடா, இந்தத் தொண்டைக்கு இங்கிலீஷ் ஒரு கேடா? தகர டப்பாவைத் தரையில் தேய்த்த மாதிரி இருக்கிறது."

மயிலின் குரலைக் காதால் கேட்டவர்களுக்குத் தெரியும், சொன்ன வாயின் லட்சணம். ஆனால் கிக்கிரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று முழுக்க அவளுக்குப் பூச்சி இறங்கவில்லை. தன் குரலை நினைத்து முதல் முறையாக வெட்கப்பட்டாள்.

வெட்கம் வந்தால் சும்மா இருக்குமா? கிக்கிரி விழுந்து விழுந்து படித்தாள். முட்டையை மெல்லப்பன் தலையில் கட்டிவிட்டு வகுப்பிலேயே குடியிருந்தாள்.

"என்னங்க, 'ப்ரௌட்' என்றால் பெருமை. அதற்கு என்ன வால், சொல்லுங்க பார்ப்போம்?"

"காலையிலிருந்து உட்கார்ந்தே என் வால் மரத்துப் போச்சு. எனக்கு அந்த ஒண்ணே போதும்" என்று முனகினான் மெல்லப்பன்.

ஒரு நாள் கிக்கிரி பாறையில் ஏறி அறிவித்தாள். "இனி நான் காட்டுக்கத்தல் கத்தப் போவதில்லை. ஆபத்து வந்தால் இந்தப் பாறைக்கு வந்து முறையாக இங்கிலீஷில் தெரிவிப்பேன். 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் த டைகர். கைண்ட்லி ரன்.' அதாவது, எனக்குப் புலியிடம் பயமாக இருக்கிறது, தயவுசெய்து ஓடுங்கள்."

"ஆகா, எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! இத்தனை நாள் நாம் காட்டுமிராண்டி மாதிரியல்லவா ஓடிக்கொண்டிருந்தோம்!" என்று மான்கள் உருகின.

வீட்டுக்கு வந்ததும் மெல்லப்பன் கேட்டான். "அந்தப் பாறை பொட்டலுக்கு அந்தக் கடைசியில கிடக்கு. நீ அங்கே நின்னு பேசினா, முட்டை இங்கே இருக்குன்னு மானுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் தெரியும். உங்களுக்குப் படிப்பு வாசனையே இல்லை, பேசாமல் அடைகாத்துக்கொண்டு இருங்க" என்றாள் கிக்கிரி.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. பொட்டலின் ஓரப் புதரிலிருந்து சிறுத்தை வெளியே வந்தது. கிக்கிரி பார்த்துவிட்டாள். நேராக வகுப்புக்குப் பறந்தாள். பாறையில் நின்றாள், இறக்கையைச் சரிசெய்துகொண்டாள்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், ஐ ஆம் அஃப்ரெய்ட்..."

அவ்வளவுதான். பயத்தில் வால் மறந்துவிட்டது. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லுகிற சொல்! அட்? இன்? ஃபார்?

"அஃப்ரெய்ட்... வித்?"

"தப்பு!" என்றார் வாத்தியார். "புலியும் நீயும் கைகோத்துக்கொண்டு சேர்ந்து பயப்படுகிறீர்களா? யோசித்துச் சொல்."

"'அட்'டாக இருக்குமோ?" என்றது ஒரு மான், அசைபோட்டுக்கொண்டே.

"எனக்கென்னவோ 'இன்' என்றுதான் படுகிறது" என்றது மயில்.

"யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவளே கண்டுபிடிக்கட்டும்" என்று அதட்டினார் வாத்தியார்.

சிறுத்தை ஒரு கணம் நின்று பார்த்தது. சாப்பாடு தானாகவே வரிசையில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது! ஒரு வாரமாகப் புதருக்குள் படுத்துப் பாடம் கேட்ட சிறுத்தை அது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"எக்ஸ்க்யூஸ் மீ. ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் வெனிசன். ஐ ஆம் கேப்பபிள் ஆஃப் ஈட்டிங் எவ்ரிபடி."

மான்கறி என்றால் தனக்கு உயிர், எல்லோரையும் தின்ன முடியும் என்று அதற்குப் பொருள். பொருளை யார் பார்த்தார்கள்?

"பிரமாதம்!" என்று வாத்தியார் துள்ளினார். "இரண்டு பெரிய சொல், இரண்டு வால், ஒன்றுகூடப் பிசகவில்லை! தட்டுங்கள் எல்லோரும்!"

மான்கள் குளம்பைத் தரையில் தட்டிப் பாராட்டின. "இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் கடிக்கவா போகிறார்?" என்று ஒரு மான் முன்வரிசையில் இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தது.

சிறுத்தை நன்றி தெரிவித்துத் தலையசைத்துவிட்டு நடந்து வந்தது. வந்த வழி எது தெரியுமா? நேரே அந்தக் கூழாங்கற்கள் வழிதான். அங்கே மெல்லப்பன் இரண்டு இறக்கையையும் விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒரு சத்தமும் வரவில்லை. ஆனாலும் அவன் நகரவில்லை.

பாறையிலிருந்து கிக்கிரி அதைப் பார்த்தாள். ஐயோ, என் முட்டை! என் புருஷன்! ஆஃபும் அட்டும் வித்தும் எங்கே போயினவோ, அவளுக்குத் தெரியாது. பறந்துபோய் முட்டைகளுக்கு மேலே நின்றாள்.

"கீக்! கீக்! கிக்கிரிக்கீ! கிக்கிரிக்கீ!"

மான்களின் முன்னங்கால்கள் இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தன. பின்னங்கால்கள் அதற்குள் கிளம்பிவிட்டன. சத்தம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு ஓடை வழியாக மொத்தக் கூட்டமும் மறைந்தது. கரடி உருண்டது, மயில் மரமேறியது. கிக்கிரி சிறுத்தையின் கண்ணுக்கு நேரே பாய்ந்து பாய்ந்து கொத்த, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி நடந்தது. முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அதன் கால் பதிந்தது.

பாறையில் ஒருவர் மட்டும் மிச்சம்.

"'அஃப்ரெய்ட் ஆஃப்'! 'ஆஃப்'தான் சரி! இதுகூடத் தெரியாமல் என்ன..." என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிறுத்தை பாய்ந்தது.

அப்போது வாத்தியார் அலறினாரே ஓர் அலறல், அதில் இங்கிலீஷ் மருந்துக்கும் இல்லை. சுத்தமான மைனா பாஷை. ஆள் தப்பித்துவிட்டார். வால் சிறுத்தையின் வாயில் இருந்தது.

சாயங்காலம் மெல்லப்பன் கிசுகிசுத்தான். "இன்னைக்கு என்ன வால் போட்டுக் கத்தினே?"

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிக்கிரி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முட்டைகளை எண்ணாமலே அணைத்துக்கொண்டாள்.

மறுநாளும் வகுப்பு நடந்தது. படிப்பு என்ன பாவம் செய்தது? வாலில்லாத வாத்தியார் இலையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"'ரெஸ்பான்சிபிள்' என்றால் பொறுப்பு. வாலோடு சேர்த்து ஒரு வாக்கியம் சொல், கிக்கிரி."

"ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் மை... கீக்! கீக்!"

புதரில் ஏதோ அசைந்திருந்தது. கிக்கிரி பாதி வாக்கியத்தைப் பாறையிலேயே போட்டுவிட்டு முட்டைகளுக்குப் பறந்தாள். மான்கள் பறந்தன. எல்லோருக்கும் முன்னால் உச்சாணிக் கிளையில் போய் உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வாத்தியார்தான்.

புதரிலிருந்து தும்மிக்கொண்டே ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது. "மன்னிக்கணும், ஜலதோஷம்" என்றது.

வாக்கியம் ஏன் பாதியில் நின்றது என்று வாத்தியார் கேட்கவே இல்லை.

நீதி: ஆபத்து வரும்போது அழகாகப் பேசக் காத்திருக்காதே, எல்லோருக்கும் புரிகிற குரலில் உடனே கத்து.