இலையில் வைத்த கை

அன்று மடத்துக்கு வந்த நல்லசிவம் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நூல் மில்லில் சூப்பர்வைசர். வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குரு அருளம்மைக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. ஞானம் என்ன, சீனியாரிட்டி பார்த்தா வருகிறது?

"தூக்கமே இல்லீங்கம்மா" என்றார். "ஆர்டர் இல்லைன்னு மில்லுல சம்பளத்தைப் பாதியாக்கிட்டாங்க. மூணு மாசமா எதைப் பார்த்தாலும் எரிச்சல். ஊட்டுக்காரி வாயைத் தொறந்தாலே வள்ளுன்னு விழறேன். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடறேன். அவளும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பா? சாயங்காலம் அவ அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பறாளாம்."

"சோத்துக்குக் கஷ்டமா?"

"அதெல்லாம் இல்லீங்க. எங்க வாட்ச்மேன் ராக்கியண்ணன் காலம்பூரா இதே அளவுதான் வாங்கறான். படுத்தா குறட்டை. எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சுங்களா?"

பந்திக்கு நேரமாகியிருந்தது. அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

"எனக்கு ஒரு கரண்டி போதுங்க. பசியே இல்லை."

அம்மா இரண்டு கரண்டி சாதம் போட்டார். நல்லசிவம் கை வைப்பதற்குள் குனிந்து ஒரு கரண்டியைத் திரும்ப அள்ளிக்கொண்டார்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. போட்ட சோற்றை இலையிலிருந்து எடுக்கிற அநியாயம் எந்த ஊரில் உண்டு? அவமானத்தில் நல்லசிவத்தின் காது மடல் வரை சூடேறியது. இலையை மூடிவிட்டு எழுந்தார். அம்மாவும் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்.

"ஒரு கரண்டி போதும்னு சொன்னது நீங்கதானே?"

"அதுக்குன்னு போட்டதை எடுப்பீங்களா?"

"பக்கத்து இலைக்காரருக்கும் ஒரு கரண்டிதான். அவர் பாட்டுக்குச் சாப்பிடறாரே."

"அவர் இலையில யாருங்க கை வச்சாங்க?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே கேட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ பேதலிக்கலைங்களா?"

"இல்லை. வலிக்குது. அவ்வளவுதான்."

அம்மா தூணுக்கு அருகில் வந்து நின்றார்.

"சம்பளம் குறைஞ்சது வீட்டுல தெரியுமா?"

"எப்படிங்கம்மா சொல்றது? அவ கண்ணுல நான் சின்னவனாப் போயிட மாட்டேனா? சேமிப்புல இருந்து எடுத்து, முழுச் சம்பளம்னு சொல்லிக் குடுக்கறேன்."

அருளம்மை அவர் முகத்தையே பார்த்தார்.

"இலையில கை வச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும், நல்லசிவம். நீங்க எந்திரிச்சுப் போறதை மட்டும் பார்த்த உங்க வீட்டுக்காரம்மா, தன் சமையல்தான் சரியில்லைன்னு மூணு மாசமா அழுதுட்டிருப்பாங்க."