ஜாங்கிரியோட குரைப்பு

லிஃப்டுக்கெல்லாம் பேச்சு வந்துட்ட காலம் அது. ஒரு ஊர்ல ஆறு மாடியில ஒரு அபார்ட்மெண்ட் இருந்துச்சு. பேரு நிசப்தா ரெசிடென்சி. அந்தப் பேரை வெச்ச நாள்லேருந்து அங்க ஒரு நிமிஷம் நிசப்தம் இருந்ததில்ல.

காலையில குக்கருங்க ஆரம்பிக்கும். பின்னாலயே மிக்ஸிங்க. அப்புறம் நாலாவது மாடியில யாரோ சுவத்துல ஓட்டை போடுவாங்க. ஓட்டை போக அங்க இன்னும் சுவரு பாக்கி இருக்கான்னு யாருக்கும் தெரியாது. கீழ பார்க்கிங்ல காருங்க ரிவர்ஸ் எடுக்கறப்போ பக்திப் பாட்டு பாடும். இதுக்கு நடுவுல லிஃப்ட் ஒண்ணு, கதவைத் திறந்து போட்டுட்டுப் போனவங்க முதுகைப் பாத்து கெஞ்சிக்கிட்டே இருக்கும். "தயவுசெய்து கதவை மூடவும். தயவுசெய்து கதவை மூடவும்."

அங்க ரெண்டாவது மாடிக்குத் திலகவதின்னு ஒருத்தங்க குடி வந்தாங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. தனி ஆளு. கூட ஒரு பக் நாய். வாலு சுருண்டு, நெய்யில போட்டு எடுத்த மாதிரி இருந்ததால அதுக்கு ஜாங்கிரின்னு பேரு. மூஞ்சி நசுங்கின மூஞ்சி. மூக்கு இருந்தும் பிரயோஜனம் இல்லாததால வாயாலதான் மூச்சு. அதனால பொறந்ததுலேருந்து அது வாய மூடினதே இல்ல.

அபார்ட்மெண்ட்ல வளக்கிற நாய் சின்னதா இருக்கணும், சத்தம் போடக் கூடாதுன்னு அங்க ஒரு சட்டம். சின்னதாங்கிறத கண்ணால பாத்துக்கலாம். சத்தம் போடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதுக்கு ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ்ல இன்டர்வியூ வெப்பாங்க. அவங்கவங்க வீட்டுல எது ரொம்ப சத்தம் போடுமோ அதைத் தூக்கிட்டு வந்து, நாயச் சுத்தி வெச்சு, எல்லாத்தையும் ஒண்ணா ஓட விடுவாங்க. நாய் குரைக்கலைன்னா பாஸ்.

"ஃபெயிலாயிட்டா சார்?"ன்னு திலகவதி கேட்டாங்க.

"வெளிய அனுப்பிடணும் மேடம்"னாரு செகரட்டரி மகுடேஸ்வரன். அவருக்குக் கொசுக் குரல். மறுபடியும் மறுபடியும் சொன்னப்புறம்தான் அவங்க காதுல விழுந்துச்சு.

வெளியன்னா நாமக்கல். அங்க திலகவதியோட அண்ணன் கோழிப்பண்ணை வெச்சிருந்தாரு. ஜாங்கிரிக்கு ஒரு கோழியப் பாத்தாலே உதறும். அது போகட்டும். சாயங்காலம் ஆபீஸ்லேருந்து வந்ததும் திலகவதி பையக் கூட இறக்காம தரையில உக்காந்து, "வாடா"ன்னு மடியத் தட்டுவாங்க. அந்த மடி நாமக்கல்ல கிடையாது.

சிக்கல் என்னன்னா, ஜாங்கிரி சாது. அதோட குரைப்பு சாது இல்ல. ஏதோ அல்சேஷனுக்குப் போக வேண்டிய குரைப்பு, அட்ரஸ் மாறி இந்த ஒரு சாண் உடம்புக்குள்ள வந்து இறங்கியிருந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் சும்மா இரேன்"ன்னு ஜாங்கிரி அதுகிட்ட கேட்டுச்சு.

"நான் யாருடா?"

"என்னோட குரைப்பு."

"குரைப்புக்கு என்ன வேலை?"

"குரைக்கிறது."

"அப்புறம் என்ன கேள்வி?"

"காலிங் பெல் அடிச்சா மட்டும் வராம இரு, போதும்."

"அடிச்சவன் யாருன்னு கேக்க வேணாமா?"

"பால்காரருதான். தினமும் அவருதான வர்றாரு."

"தினமும் வர்றான் பாத்தியா. அதான் எனக்கு சந்தேகம்."

இதுகிட்டப் பேசி ஆகாதுன்னு ஜாங்கிரிக்குப் புரிஞ்சு போச்சு. "சரி, அப்ப ஒரு அரை மணி நேரம் வெளிய போய் லிஃப்ட்ல நில்லு. மேலயும் கீழயும் ஊரு சுத்தின மாதிரி இருக்கும்"னு ஆசை காட்டிச்சு.

குரைப்பு யோசிச்சுது. தொண்டைக்குள்ளயே கெடந்து அதுக்கும் போரடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில லிஃப்ட் வாசல்ல ஜாங்கிரி பெருசா ஒரு கொட்டாவி விட்டுச்சு. குரைப்பு தொபுக்குன்னு கீழ குதிச்சு லிஃப்டுக்குள்ள போச்சு.

கிளப் ஹவுஸ்ல நடு ஹால்ல ஜாங்கிரிய உக்கார வெச்சாங்க. ஸ்விட்சப் போட்டாங்க.

"ர்ர்ர்ர்ர்... என்னடா முட்டக்கண்ணா, கோவம் வரலையா?"ன்னு கேட்டுச்சு மிக்ஸி. அதுக்குள்ள காஞ்ச மல்லி வேற.

"உஸ்ஸ்ஸ்ஸ்... இவனுக்கு ரோஷமே இல்லக்கா"ன்னுச்சு குக்கர்.

"டர்ர்ர்ர்... வாலப் பாரு, யாரோ முறுக்கி விட்ட மாதிரி. நான் முறுக்கலப்பா, என் வேலை இன்னும் சுத்தமா இருக்கும்"னுச்சு டிரில்லிங் மெஷின்.

கடைசியா காலிங் பெல்லு. "க்விக் க்விக் க்விக். வாசல்ல ஒருத்தர் வந்திருக்காரு. யாருன்னு சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

ஜாங்கிரிக்குத் தொண்டை அரிச்சுது. பழக்க தோஷத்துல உள்ள கூப்பிட்டும் பாத்துச்சு. உள்ள ஆளு இல்ல. வெறும் காத்துதான் வந்துச்சு. ஹ.

திலகவதி கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. செகரட்டரி எந்திரிச்சு நின்னாரு.

அந்த நேரம் பாத்து லிஃப்ட்ல குரைப்புக்குப் பொறுமை போயிடுச்சு. 'தயவுசெய்து'ன்னு ஆரம்பிக்கிற பேச்ச அதோட வம்சத்துல யாரும் நின்னு கேட்டதில்ல. விறுவிறுன்னு கிளப் ஹவுஸுக்குள்ள வந்து, எந்த வாய் காலியா இருக்குன்னு பாத்துச்சு. பாஸ்னு சொல்றதுக்கு செகரட்டரி வாயத் திறந்தாரு.

"பா..."

"...வ்வள்."

மிக்ஸிய மீறிக் கேட்டுச்சு அது. எல்லாரும் அவரப் பாத்தாங்க. அவரும் அவரப் பாத்துக்கிட்டாரு.

மூணாவது மாடி கோமளா பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாங்க. "நாலு வருஷமா செகரட்டரியா இருக்காரு. இன்னைக்குத்தான் என்ன சொல்றாருன்னு காதுல விழுந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"அது புரியல. ஆனா விழுந்துச்சு."

ஜாங்கிரி பாஸு. ஆனா குரைப்பு திரும்பி வரல.

மறுநாள் தண்ணி லாரி வரலன்னு செகரட்டரி போனப் போட்டாரு. வழக்கமா, "சார், மன்னிக்கணும், ஒரு சின்ன விஷயம்"னு ஆரம்பிப்பாரு. அன்னைக்கு ஒரே ஒரு வள். அடுத்த அரை மணியில லாரி வாசல்ல நின்னுச்சு. பார்க்கிங்ல கோடு தாண்டி நிறுத்தின காருக்கு ஒரு வள். கார் நகந்துச்சு. ஜனங்க இதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அட, இதுல இவ்ளோ விஷயம் இருக்கான்னு ஆளாளுக்குத் தொண்டையக் கனைச்சு ஆரம்பிச்சுட்டாங்க.

கொஞ்ச நாள்ல நிசப்தா ரெசிடென்சில பேசுறவங்களே அரிதாயிட்டாங்க. மேல் வீட்டுத் துணியில தண்ணி சொட்டினா வள். குப்பைய வாசல்ல வெச்சா வள். கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தவங்க வாசல்ல நின்னு பிரியமா வள்னாங்க. உள்ள இருந்தவங்க, "வள் வள், காபி சாப்பிட்டுத்தான் போகணும்"னாங்க.

குரைக்காதது ரெண்டே பேரு. ஒண்ணு திலகவதி. இன்னொண்ணு நாய்.

ஒரு நாள் சாயங்காலம் கோமளா வந்து கதவத் தட்டினாங்க. "திலகா, தப்பா எடுத்துக்காதீங்க. வள்."

"சொல்லுங்க கோமளாக்கா."

"உங்க நாயி யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது. நேத்து லிஃப்ட்ல நான் அது கூட வள்வள்னு பேசிட்டே வர்றேன், அது என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. ஏதோ நான் தப்பு பண்ற மாதிரி."

"அது அமைதியான நாய்க்கா. அப்படி இருந்தாத்தான் விடுவோம்னு நீங்கதான சொன்னீங்க."

"அது அப்போ. இப்போ நாங்க எல்லாரும் ஒரு மாதிரி இருக்கோம், அது மட்டும் வேற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு இன்டர்வியூ. குரைச்சுக் காட்டணும். இல்லன்னா வெளியதான், செகரட்டரி சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"வள்னாரு. நாங்க புரிஞ்சுக்கிட்டோம்."

கோமளா போனப்புறம் திலகவதி தரையில உக்காந்து மடியத் தட்டினாங்க. "எனக்கும் வரலடா ஜாங்கிரி. பாத்ரூம்ல கதவ சாத்திட்டு முயற்சி பண்ணிப் பாத்தேன். இருமல்தான் வருது." அப்புறம் நாமக்கல்லுக்குப் போனப் போட்டாங்க. "அண்ணா, ஒரு மூலையில கொஞ்சம் இடம் ஒதுக்கி வைங்க. இல்ல, எனக்கில்ல. ஏண்ணா, கோழிங்க கொத்துமா?"

மடியிலேருந்து ஜாங்கிரி அதைக் கேட்டுச்சு. மறுநாள் மத்தியானம் செகரட்டரி வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. அவரு ஈஸி சேர்ல வாயப் பொளந்து தூங்கிட்டிருந்தாரு. அந்த வாய்க்குள்ள குரைப்பு கால் மேல கால் போட்டு உக்காந்திருந்துச்சு.

"வீட்டுக்கு வாயேன்"னு கூப்பிட்டுச்சு ஜாங்கிரி.

"இதான் இப்போ வீடு."

"நீ இல்லன்னா என்ன அனுப்பிடுவாங்க."

"எனக்கு இங்க மைக் இருக்கு. மாலை போடுறாங்க. நான் ஒரு தடவை வந்தா லாரி வருது. உங்கிட்ட என்ன இருக்கு?"

ஜாங்கிரி யோசிச்சுது. "ஒரு பந்து இருக்கு."

"அதுவும் கடிச்ச பந்து. போடா."

ஜாங்கிரி திரும்பி வந்து லிஃப்ட்ல ஒரு ஓரமா உக்காந்துச்சு. மூணாவது மாடியில யாரோ இறங்கிட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போனாங்க.

"தயவுசெய்து கதவை மூடவும்"னுச்சு லிஃப்ட். அப்புறம் தன்னோட சொந்தக் குரல்ல, "ஏண்டா தொங்கிப் போயிருக்க?"ன்னு கேட்டுச்சு.

ஜாங்கிரி எல்லாத்தையும் சொல்லிச்சு.

"அடப்பாவி. அன்னைக்கே நெனச்சேன், அது மூஞ்சியே சரியில்ல. எனக்குக் குரைக்கத் தெரியாதுப்பா. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு வசனம். பொழுதன்னைக்கும் சொல்றேன், ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல. அதுல ஒரு தடவைக்கு உண்டானத நீ எடுத்துக்கோ. காலியாப் போறதுக்கு எதையாவது தொண்டையில வெச்சுக்கிட்டுப் போ."

ஜாங்கிரி வாங்கித் தொண்டையில வெச்சுக்கிச்சு. கொஞ்சம் பெருசா, இரும்பு வாசனையா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ் நெறஞ்சிருந்துச்சு. இந்தத் தடவை மிக்ஸியும் வரல, குக்கரும் வரல. தேவைப்படல. ஹாலே குரைச்சுக்கிட்டு இருந்துச்சு. திலகவதி ஒரு கையில நாயோட கயிறு, இன்னொரு கையில ஒரு பை. பைக்குள்ள தட்டு, துண்டு, பந்து. நாமக்கல் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.

செகரட்டரி மைக்கப் பிடிச்சாரு. "வள்."

கைதட்டல் அடங்கிச்சு. எல்லாரும் நாயப் பாத்தாங்க. திலகவதி குனிஞ்சு அது காதுல சொன்னாங்க. "ஒண்ணே ஒண்ணுடா. சின்னதா போதும்."

ஜாங்கிரி மூச்ச இழுத்துச்சு. தொண்டையில இருந்ததை வெளிய விட்டுச்சு.

"தயவுசெய்து கதவை மூடவும்."

அதே பொம்பளக் குரல். அதே மரியாதை. கடைசியில வர்ற அந்த 'டிங்' கூட விட்டுப் போகல.

அந்தக் குரலக் கேட்டா அங்க எல்லாருக்கும் உள்ள எங்கேயோ இடிக்கும். லிஃப்ட்னா வேகமா நடந்து தப்பிச்சுடலாம். இங்க எங்க போறது? நேத்து தொறந்து போட்டது நாமதானோன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. ஒருத்தர் வாசக்கதவ மூடினாரு. ஒருத்தர் ஜன்னல மூடினாரு. கோமளா எதுக்கும் இருக்கட்டும்னு கைப்பை ஜிப்ப மூடினாங்க. கதவு தேடுற அவசரத்துல குரைக்க மறந்துட்டாங்க.

செகரட்டரி மட்டும் வாயப் பொளந்து நின்னாரு. அவரு வாய்க்குள்ள குரைப்புக்கு ரத்தம் கொதிச்சுது. "என் வீட்டுக்குள்ள எவ அவ பேசுறது? நான் ரெண்டு மாசம் அந்தப் பக்கம் போகலன்னா வாடகைக்கு விட்டுடுவானா?" ஒரே தாவு. செகரட்டரி பல்ல தாண்டி, மைக்க தாண்டி, நேரா ஜாங்கிரி வாய்க்குள்ள போய் விழுந்துச்சு. யாரு உள்ள இருக்கான்னு இண்டு இடுக்கெல்லாம் தேடிச்சு. யாருமே இல்ல.

ஜாங்கிரி தன் வாழ்க்கையில மொதத் தடவையா வாய மூடிச்சு.

ஹால்ல ஒரு சத்தம் இல்ல. ஃபேன் சுத்துறது கேட்டுச்சு. அங்க ஒரு ஃபேன் இருக்குன்னே பாதிப் பேருக்கு அப்பத்தான் தெரியும்.

"நாம எதுக்கு வந்தோம்?"னாரு செகரட்டரி. பழைய கொசுக் குரல்தான். ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

"என் நாய் இங்க இருக்கலாமா, கூடாதான்னு சொல்ல வந்தீங்க சார்"னாங்க திலகவதி.

"அதுவா." அவரு ஜாங்கிரியப் பாத்தாரு. அது வாய மூடிக்கிட்டு, மூச்சுக்குத் திணறி, கண்ணு பிதுங்க அவரையே பாத்துச்சு. "இருந்துட்டுப் போகட்டுமே மேடம். பாவம், அதுபாட்டுக்கு இருக்கு."

கோமளா ஏதோ சொல்ல வந்தாங்க. "வ..."ன்னு ஆரம்பிச்சு, சுத்திப் பாத்தாங்க. கூட யாரும் வரல. "வ... வாஸ்தவம்தான்"னு முடிச்சுட்டாங்க.

திலகவதி பையத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல ஏறினாங்க. ஜாங்கிரி ஓரமா அதே எடத்துல உக்காந்து, மெதுவா வாயத் திறந்து மூச்சு விட்டுச்சு. குரைப்பு ஓடிப் போகல. வெளிய எல்லா வாயும் மூடியிருக்கிறத எட்டிப் பாத்துட்டு, முனகிக்கிட்டே உள்ள படுத்துக்கிச்சு.

"வந்துடுச்சா உன் ஆளு?"ன்னுச்சு லிஃப்ட்.

"வந்துடுச்சு."

"அப்ப ஒண்ணு குரையேன், கேப்போம்."

"வேணாம்."

"இதுக்கா இவ்ளோ பாடு? முன்னயும் சும்மாதான இருந்த?"

"அப்போ இல்லாம சும்மா இருந்தேன். இப்போ வெச்சுக்கிட்டு சும்மா இருக்கேன்."

ரெண்டாவது மாடி வந்துச்சு. நாய் இருக்கலாம்னு சொன்ன சந்தோஷத்துல திலகவதி அதைத் தூக்கிக்கிட்டு அப்படியே வீட்டுக்கு ஓடினாங்க.

லிஃப்ட் ஜாங்கிரி சொன்னதையே யோசிச்சு, மொதத் தடவையா வாய மூடிக்கிட்டு நின்னுச்சு. கதவுதான் திறந்தே கெடந்துச்சு.