மொழுக்குத் தலைச் சம்பந்தம்

நாவல்குளத்துக் காட்டில் கேனரிக் குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. எல்லாம் மஞ்சள் குருவிகள். சிலருக்குத் தலையில் கொண்டை உண்டு, சிலருக்கு வெறும் மொழுக்குத் தலை.

அந்தக் கூட்டத்தில் சிகாமணியின் கொண்டைதான் பேர்போனது. உச்சியிலிருந்து நாலாபக்கமும் விரிந்து, கண்ணுக்கு மேல் குடை மாதிரி இறங்கும். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் குளக்கரையில் கொண்டைப் போட்டி நடக்கும். இளங்குருவிகளின் கொண்டையைப் பார்த்து, நடுவரான கொண்டலாத்திப் பறவை பரிசு சொல்லும். சிகாமணி தன் காலத்தில் ஜெயித்தவர். அவர் மகன் மகுடேசனும் ஜெயித்தான். இனிப் பேரனும் ஜெயிக்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு ராத்தூக்கத்தையே கெடுத்தது.

மகுடேசனுக்குப் பெண் தேடும் நேரம் வந்தது. பக்கத்து மரத்துக் கனகுவின் மேல் அவனுக்கு ஒரு கண். நல்ல பெண்தான், ஆனால் மொழுக்குத் தலை. போதாததற்குப் புருவத்து இறகு நீளமாக வளர்ந்து கண்மேல் தொங்கும். தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

"அப்பா, கனகுவைக் கேட்கலாமா?" என்றான் மகுடேசன்.

"மொட்டைத் தலை எங்க கூட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது!" என்று கத்தினார் சிகாமணி. அடுத்த மரம் வரைக்கும் கேட்டது. கனகுவுக்கும் கேட்டது.

அவர் மனைவி பவுனு கூட்டின் ஓரத்தில் தினை கொறித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையும் மொழுக்குத்தான்.

"அப்போ நான் எங்க நிக்கிறதாம்?" என்று கேட்டாள்.

"இந்தா, நீ சும்மா இரு. உன்னை யாரு சொன்னா?" என்றார் சிகாமணி. மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே பழக்கமில்லை அவருக்கு. எப்போதும் "இந்தா"தான்.

தென்கரையிலிருந்து சூடாமணியைப் பெண் எடுத்தார்கள். பெரிய கொண்டை, பெரிய இடம். மாப்பிள்ளைக்கும் கொண்டை, பெண்ணுக்கும் கொண்டை. பிறக்கிற குஞ்சுக்கு ரெண்டு பங்கு கொண்டை இருக்கும் என்று கணக்குப் போட்டார் சிகாமணி. கல்யாணம் முடிந்ததிலிருந்து அவர் தரையில் நடக்கவே இல்லை.

சூடாமணி முட்டையிட்டு அடைகாத்தாள். ஒரு குஞ்சு முட்டை ஓட்டை உடைக்கவே இல்லை, உள்ளேயே அடங்கிப்போனது. அந்தப் பெண் அழுத அழுகையைக் கேட்டுக் காடே கலங்கியது. அடுத்த குஞ்சுக்குக் கொண்டை முளைத்தது. ஆனால் இறகு மெலிந்து, நடுவில் பிளந்து, பிடரி வழுக்கையாக இருந்தது. கடைசியாகப் பொரித்தது ஒரு பெண் குஞ்சு. நல்ல துறுதுறுப்பு, ஆனால் சுத்த மொழுக்குத் தலை.

"இவளுக்கு அடைகாக்கத் தெரியலை" என்று மருமகள் மேல் பாய்ந்தார் சிகாமணி.

"வாயை மூடுங்க" என்றாள் பவுனு. "பெத்தவ வயிறு எரியுது. அதுல நீங்க வேற எண்ணெய் ஊத்தாதீங்க."

அவர் அடங்கினார். ஆனால் அந்தப் பெண் குஞ்சுக்கு ஒரு பேர்கூட வைக்க விடவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அதை இலைக்குப் பின்னால் போகச் சொல்வார். குஞ்சுக்கு விவரம் புரியவில்லை. தாத்தா ஒளிந்து விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே போகும்.

போட்டி நாள் வந்தது. கூட்டிப்போகத் தகுந்த கொண்டையோடு பேரப்பிள்ளை இல்லாமல் சிகாமணி தனியாகப் போய் ஓரமாக உட்கார்ந்தார். கொண்டைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு பையன் வந்து நின்றதும் கரையிலிருந்த எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. உருண்டு திரண்டு, எங்கும் பிளவில்லாமல், கண்வரை இறங்கிய கொண்டை. சிகாமணியின் பழைய கொண்டை அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

"இவன் அம்மாவை வரச் சொல்லுங்க" என்றது கொண்டலாத்தி.

கனகு வந்தாள். அவள் பிறகு கட்டிக்கொண்ட மாதவனுக்கு இருந்தது ஒரு சின்னக் கொண்டைதான். கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் கனகுவின் புருவத்து இறகை மெல்லத் தூக்கிக் காட்டியது.

"கொண்டையை அப்பன் கொடுத்தான். அதுக்கு அகலமும் அடர்த்தியும் இவகிட்டேருந்து வந்திருக்கு. இந்தப் புருவத்தைப் பாருங்க. பரிசு இந்த வீட்டுக்குத்தான்."

சிகாமணிக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் பறந்து வந்தார். பவுனு கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தார். புருவத்து இறகு அடர்ந்து கண்மேல் தொங்கியது. இத்தனை காலம் கூட வாழ்ந்தும் அதை அவர் பார்த்ததே இல்லை.

"எங்க அம்மா தலை எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நினைப்பிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மொழுக்கு" என்றாள் பவுனு. "இப்பவாவது கேட்கணும்னு தோணுச்சே."

இலைக்குப் பின்னாலிருந்து பேத்தி எட்டிப் பார்த்தது. அதற்கும் அதே புருவம்.

மறுநாள் அவர் கனகுவின் மரத்துக்குப் போனார். கீழ்க் கிளையிலேயே நின்றார்.

"எங்க பேத்திக்கு உங்க பையனைக் கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

கனகு அவரைப் பார்த்தாள். "மொட்டைத் தலை எங்க கூட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "தாராளமா வரலாம்" என்று முடித்தாள் கனகு. "ஆனா முறைப்படி நாங்க பொண்ணு பார்க்க வருவோம். பவுனம்மா எங்களைக் கூப்பிடணும். நீங்க வெளியில கிளையில நின்னா போதும்."

அப்படியே நடந்தது. கனகு உள்ளே போனாள். பவுனு தினை வைத்தாள். சூடாமணி மகளின் இறகைக் கோதிவிட்டு முன்னால் நிறுத்தினாள். சிகாமணி வெளிக் கிளையில் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. பேர் என்ன?" என்று கேட்டாள் கனகு.

சூடாமணி மாமியாரைப் பார்த்தாள். பவுனு வெளியே கிளையைப் பார்த்தாள்.

"பவுனு" என்றார் சிகாமணி. "அவ பாட்டி பேரு."

உள்ளே தினை கொறித்துக்கொண்டிருந்த பவுனுவின் அலகு அப்படியே நின்றது. பிறகு அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வாசலில் அவருக்கும் இடம் விட்டாள்.

வெளியே தெரியும் சிறப்பை மட்டும் பார்த்து உறவைத் தேர்ந்தெடுப்பவர், அந்தச் சிறப்பைத் தாங்கி நிற்பவரையே வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார்.