சந்தைத் துணியும் எட்டு இழை நூலும்

கிட்ட வந்து உக்காரு கண்ணு. இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்க, போர்வைய இழுத்துக்க. பொழுதுக்கும் அந்தப் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு ‘இந்திய மக்களாகிய நாம், இந்திய மக்களாகிய நாம்’னு முட்டி முட்டிப் படிச்சியே, என் காதுலயும்தான் விழுந்துச்சு. சட்டம்னா ஒருக்கா எழுதினா எழுதினதுதானே, அப்புறம் எதுக்கு அதுல நூத்துச் சொச்சம் திருத்தம்னு உங்கம்மாகிட்டக் கேட்ட. அவ காதுல விழாத மாதிரி புளியைக் கரைச்சுக்கிட்டு இருந்தா. எனக்கும் எழுத்துத் தெரியாது. ஆனா ஒரு கதை தெரியும். ம் கொட்டிக்கிட்டே கேக்கணும். உன் ம் நின்னா என் கதையும் நின்னுரும். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு சந்தை. வியாழக்கிழமை ஆனா கூடும். ஊருக்கு வெளிய ஒரே பொட்டல். மரம்னு பேருக்குக் கூட ஒண்ணு கிடையாது. வெயில் சுளீர் சுளீர்னு அடிக்கும். பன்னெண்டு பேர் கடை போடுவாங்க. சட்டி விக்கிற குப்பாயி, வெல்லம் விக்கிற நாச்சிமுத்து, கத்தி அருவாளுக்குச் சாணை பிடிக்கிற மீரான் தாத்தா, தையக்காரர் பொன்னுரங்கம், இன்னும் எட்டுப் பேரு. நிழலுக்கு ஆளாளுக்கு ஒரு குடையை நட்டு வெப்பாங்க. காத்து வந்தா உன் குடை என் மேல சாயுது, என் குடை உன் மேல சாயுதுன்னு ஒரே சண்டை. யாவாரம் பாதி, சண்டை பாதி.

அப்போ ஒரு கோடையில ரெண்டு பேர் வெயில்ல சுருண்டு விழுந்துட்டாங்க. அப்புறம்தான் அவங்களுக்குப் புத்தி வந்துச்சு. ஆளுக்கு ஒரு துணி கொண்டு வந்தாங்க. ஒருத்தர் வேட்டி, ஒருத்தி சேலை, நாச்சிமுத்து வெல்லச் சாக்கு. பொன்னுரங்கம் அத்தனையையும் மிஷின்ல போட்டு டகடக டகடகன்னு தெச்சு ஒரே துணி ஆக்கிட்டார். நாலு மூலைக்கும் நாலு கம்பு நட்டுக் கட்டினாங்க. அம்மாடி, பொட்டல் முழுக்க நிழல்.

ஆனா துணி ஒண்ணானா மனசு ஒண்ணாயிருமா? நடுவுல யாரு, ஓரத்துல யாருன்னு மறுபடியும் ஆரம்பிச்சிருவாங்களே. அதனால எல்லாரும் ஒக்காந்து பேசி, துணிக்கு நட்ட நடுவுல ஒரு வெள்ளை வேட்டித் துண்டு வெச்சு, செவப்பு நூல்ல நாலு வரி தெச்சாங்க.

முதல் வரி. இது நாம எல்லாரும் சேர்ந்து தெச்ச துணி, இதோட நிழல் எல்லாருக்கும் பொது.

ரெண்டாவது வரி. கடை பன்னெண்டு.

மூணாவது வரி. வெயில் சாயச் சாய எல்லாரும் ஒரு இடம் தள்ளி உக்காரணும், எனக்கு இந்த இடம்தான்னு ஒருத்தரும் ஒட்டிக்கக் கூடாது.

நாலாவது வரி கடைசியா இருந்துச்சு. அது என்னன்னு இப்பச் சொல்ல மாட்டேன்.

ம்?

சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். கேளு.

கொஞ்ச வருசம் போச்சு. அப்போ மயிலாத்தான்னு ஒருத்தி கீரைக் கூடையோட சந்தைக்கு வந்தா. அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. விடியறதுக்கு முன்னாடி பறிச்சு, ஈரத்துணி சுத்தி, ஆறு மைல் நடந்து வருவா. வீட்ல அப்பனுக்கு இடுப்பு எழுந்திரிக்காது. இவ கொண்டு போனாத்தான் அடுப்பு. கூடையை இறக்கி, துணியோட ஓரத்துல கொஞ்சூண்டு நிழல்ல ஒக்காந்தா.

நாச்சிமுத்து பாத்தார். “ஏம்மிணி, எந்திரி.”

“ஏனுங்க?”

“மேல எழுதியிருக்குது பாரு. கடை பன்னெண்டு. நீ பதிமூணு.”

மயிலாத்தாளுக்கும் என்னை மாதிரித்தான், எழுத்துத் தெரியாது. மறுபேச்சுப் பேசாம வெயில்ல போய் ஒக்காந்தா. பத்து மணிக்குள்ள கீரை சவசவன்னு வாடிப் போச்சு. சந்தைக்கு வந்த ஒரு ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்கு அவ கூடை கனத்த மாதிரியே வீட்டுக்குப் போச்சு.

அடுத்த வியாழன். வந்தா. வெயில்ல ஒக்காந்தா. கீரை வாடுற வரைக்கும் அவ துணியவே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தா. எழுத்துத் தெரியலைன்னா என்ன, எண்ணத் தெரியும்ல. செவப்பு வரி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எந்திரிச்சு நாச்சிமுத்துகிட்டப் போனா.

“ஏனுங்க, நீங்க போன வாரம் ஒரு வரிதானே படிச்சீங்க. மேல நாலு வரி இருக்குது. மீதி மூணுல வெல்லம் ஒட்டிக்கிச்சுங்களா?”

குப்பாயி களுக்குன்னு சிரிச்சுட்டா. நாச்சிமுத்துக்கு மூஞ்சி செவந்து போச்சு. “உனக்கு அந்த ஒரு வரி போதும்”னார்.

போதாதுன்னு மயிலாத்தாளுக்குத் தெரியும். நேரா பொன்னுரங்கத்துகிட்டப் போனா. தெச்சவரு அவருதானே. “நாலையும் படிச்சுச் சொல்லுங்க”ன்னா. அவர் மிஷினை நிறுத்திட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணாப் படிச்சார். நாலாவது வரி வந்துச்சு.

தூங்கிட்டியா?

ம்ம்.

நாலாவது வரி இதுதான் கண்ணு. இந்தத் துணியக் கிழிக்கக் கூடாது, ஆனா ஒட்டுப் போடலாம். மூணு பேருக்கு ரெண்டு பேர்ங்கிற கணக்குல, ஆளுக்கு ஒரு இழை நூல் கொடுத்தா, அந்த நூல்ல ஒட்டுத் தெச்சுக்கலாம்.

மயிலாத்தா அப்படியே நின்னுட்டா. “அப்போ மாத்துறதுக்கு வழியையும் இதுக்குள்ளயே வெச்சிருக்கீங்க?”

“பின்ன? நாங்க என்ன எல்லாம் தெரிஞ்சவங்களா? நாளைக்கு யாரு வருவாங்க, எவ்வளவு வெயில் அடிக்கும்னு அன்னிக்கே தெரியுமா என்ன? பன்னெண்டு பேர்ல எட்டு இழை வேணும். போ, வாங்கிட்டு வா”ன்னார். சொல்லிட்டு அவரே முதல் இழையை உருவிக் கொடுத்தார்.

மூணாவது வியாழன். மயிலாத்தா கடை கடையாப் போனா. குப்பாயி சேலைத் தலைப்புல இருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தா. “எனக்கும் பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்மிணி, இந்த வெல்லக்காரர்கிட்டப் பேசினா வாய் ஒட்டிக்குது.” அப்புறம் இன்னும் அஞ்சு பேரு. மொத்தம் ஏழு. நாச்சிமுத்தும் மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க. எட்டாவது இழைக்கு மீதி இருக்கிறது மீரான் தாத்தா ஒருத்தர்தான்.

மீரான் தாத்தாவுக்குக் கண்ணு தெரியாது. காதை வெச்சே கத்திக்குச் சாணை பிடிப்பார். கிர்ர்ர்... கிர்ர்ர்... சத்தம் மெலிஞ்சா கத்தி கூராயிருச்சுன்னு அர்த்தம். மயிலாத்தா போய் முன்னால ஒக்காந்தா.

“யாரும்மா?”

“கீரைக்காரிங்க.”

“கீரையக் கொடு பாப்போம்.” வாங்கித் தடவிப் பாத்தார். கீரை கையில துவண்டு விழுந்துச்சு. “எத்தனை மணிக்குப் பறிச்சது?”

“இன்னிக்கு விடியக்காலைங்க.”

தாத்தா கீரையைத் திருப்பிக் கொடுத்தார். தலைப்பாகையில கையை வெச்சு ஒரு இழையை சர்ருன்னு உருவிக் கொடுத்தார்.

எட்டு இழை ஆச்சு. பொன்னுரங்கம் அந்த ‘பன்னெண்டு’ங்கிற எழுத்தைப் பிரிக்கலை, அழிக்கலை. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஒட்டு வெச்சு ‘இப்போ பதிமூணு’ன்னு தெச்சார். மயிலாத்தா சும்மா வரலை. அவ அம்மாவோட பச்சைச் சேலை ஒண்ணு கொண்டு வந்திருந்தா. அதையும் துணியோட ஓரத்துல கோத்தாங்க. நிழல் ஒரு சேலை அகலம் கூடிப் போச்சு. அடுத்த வியாழன் கீரை சாயங்காலம் வரைக்கும் சிலுசிலுன்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் அவ வெறுங்கூடையை வீசிக்கிட்டு வீட்டுக்குப் போனா.

ம்.

கதை முடிஞ்சுதுன்னு நினைக்காத. நாச்சிமுத்து சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒரு பயம் கண்ணு. வெல்லம் வெயில்ல நின்னா உருகிரும்ல. இன்னிக்கு ஒருத்தி வந்தா, நாளைக்கு பத்துப் பேர் வந்தா என்ன பண்றது? கடை கடையாப் போய் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லத்தைக் கையில வெச்சு, “இப்படியே விட்டா நமக்கு நிழலே மிஞ்சாது”ன்னு காதுல ஓதினார். பாதிப் பேர் வெல்லத்துக்கு இழை கொடுத்தாங்க, பாதிப் பேர் பயத்துக்குக் கொடுத்தாங்க. பதிமூணு பேருக்கு ஒன்பது இழை வேணும். சரியா ஒன்பது சேர்ந்துருச்சு.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை உச்சி வேளையில அதைக் கொண்டு போய் பொன்னுரங்கம் முன்னால வெச்சார். “ஒரு ஒட்டுத் தெய்யி. ‘பிந்தி வந்தவங்களுக்கு நிழல் கிடையாது’ன்னு.”

பொன்னுரங்கம் துணியை அண்ணாந்து பாத்தார். “இதை எங்க தெய்க்கிறது? முதல் வரியில நிழல் எல்லாருக்கும் பொதுன்னு இருக்குது. அதை மூடித்தான் இதைத் தெய்க்கணும். முதல் வரியை மூடிட்டா மீதி மூணும் எதுக்கு? என்னால முடியாது.”

நீ படிச்சியே, சட்டத்தைத் திருத்தலாம், ஆனா அதோட அடிப்படையில கை வைக்கக் கூடாதுன்னு. அதுதான் இது.

நாச்சிமுத்து விடலை. “ஒன்பது இழை வந்திருக்குது. முடியாதுன்னு சொல்ல நீ யாரு?” அந்தப் பக்கம் நாலு பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு, ஒரே கூச்சல். குப்பாயி சட்டியைத் தூக்கிட்டா, அடிக்கத்தான். மயிலாத்தா தன் கூடையைப் பாத்தா. இன்னிக்கு விட்டா மறுபடியும் வெயில், மறுபடியும் வாடின கீரை, அணைஞ்ச அடுப்பு.

ஆனா அவ கத்தலை. கூடையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, “சண்டை எதுக்குங்க? தெய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு பொழுது அதும்படி நடந்து பாத்துருவோம். பிந்தி வந்தவங்க வெயிலுக்குப் போகணும், அவ்வளவுதானுங்களே? நான் எல்லாருக்கும் பிந்தி வந்தவ. இதோ போறேன்”ன்னு சொல்லிட்டு வெயில்ல போய் நின்னா. நின்னுக்கிட்டு, “சரிங்க, எனக்கு முன்னாடி வந்தது யாரு?”ன்னா.

“நான்”னார் ஒரு வளையக்காரர்.

“உங்களுக்கு முன்னாடி யாருமே இல்லீங்களா?”

“ஏன் இல்ல, இந்தக் குப்பாயி எல்லாம் அப்பவே இருந்தாங்களே.”

“அப்போ நீங்க பிந்தி வந்தவருதானே. வாங்க இந்தப் பக்கம்.”

வளையக்காரர் தலையைச் சொறிஞ்சார். சொல்லு நியாயம்தானே? வளையலைத் தூக்கிட்டு கிலுகிலுன்னு வெயிலுக்கு வந்தார். அப்புறம் குப்பாயி. “எனக்கு முன்னாடி நாலு பேர் இருந்தாங்க, போச்சு போ”ன்னு சட்டியெல்லாம் கடகடன்னு உருட்டிக்கிட்டு வந்தா. ஒவ்வொருத்தராக் கேக்கக் கேக்க, ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி ஒருத்தர் இருந்தார். பொன்னுரங்கமும் மிஷினைத் தூக்கிக்கிட்டு வந்தார். கடைசியா நாச்சிமுத்து மட்டும் நிழல்ல நின்னார்.

“ஏனுங்க, உங்களுக்கு முன்னாடி?”

நாச்சிமுத்து அந்தப் பக்கம் பாத்தார், இந்தப் பக்கம் பாத்தார். சாணைக்கல்லு கிர்ர்ர்னு சுத்துது. “...மீரான்”னார், வாய்க்குள்ளயே.

வெல்லக் கூடையோட அவரும் வந்தார். பன்னெண்டு பேரும் வெயில்ல. அத்தாம் பெரிய துணிக்குக் கீழ மீரான் தாத்தா ஒருத்தர் மட்டும். கொஞ்ச நேரம்தான் ஆச்சு, வெல்லம் சொதசொதன்னு இளகி நாச்சிமுத்து கையெல்லாம் ஒழுகுது, ஈ ஙொய்யுனு மொய்க்குது.

அப்போ சாணைச் சத்தம் நின்னுச்சு. தாத்தா தலையைத் தூக்கி, “ஏப்பா, எல்லாரும் எங்க போயிட்டீங்க? பேச்சுச் சத்தமே காணோமே. எனக்கு இங்க பயமா இருக்குது”ன்னார்.

முதல்ல வளையக்காரர் போய், பொன்னுரங்கம் கையில இருந்த ஒன்பது இழையில தன்னோட இழையை எடுத்துக்கிட்டார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் இன்னொருத்தர். கடைசி இழையை நாச்சிமுத்தே எடுத்தார். வெல்லம் ஒட்டின கையில நூலு ஒட்டிக்கிச்சு, உதறினா போக மாட்டேங்குது. குப்பாயி சிரிக்க, அவரும் சிரிச்சுட்டார்.

“சரிம்மிணி, ஆனா நான் கேட்டதும் நிசந்தானே? பத்துப் பேர் வந்தா நிழலுக்கு எங்க போறது?”ன்னார்.

“நான் வந்தப்போ நிழல் குறைஞ்சுதுங்களா, கூடுச்சுங்களா?”ன்னா மயிலாத்தா.

நாச்சிமுத்து அந்தப் பச்சைச் சேலையப் பாத்தார். அப்புறம் கையில ஒட்டியிருந்த அதே இழையை நீட்டினார். “அப்போ ஒட்டுப் போடறதா இருந்தா இப்படிப் போடு. வர்றவங்க ஆளுக்கு ஒரு துணியோட வரட்டும்.”

அன்னிக்கு ஒன்பது இல்ல கண்ணு, பதிமூணு இழையும் சேர்ந்துச்சு. எல்லாரும் நிழலுக்குத் திரும்பினாங்க. டகடக டகடகன்னு ஒட்டு ஏறிப் போச்சு. முதல் வரியும் பக்கத்துலயே பளிச்சுன்னு இருந்துச்சு. மீரான் தாத்தா மறுபடியும் சாணையச் சுத்தினார். கிர்ர்ர்... கிர்ர்ர்...

சந்தை கலைஞ்சுது, கதையும் கலைஞ்சுது, கண்ணை மூடு சாமி.

ம்...?

இன்னும் முழிச்சிருக்கியா? சரி, கடைசியா ஒண்ணு. ஒட்டுப் போட்டு முடிச்சுட்டு, நூல் பிரிஞ்சு வராம இருக்கட்டும்னு பொன்னுரங்கம் துணியோட ஓரத்தை மடிச்சுத் தெய்க்கப் போனார். மயிலாத்தா அவர் கையப் பிடிச்சுக்கிட்டா. பச்சைச் சேலையோட ஓரத்தை மடிக்காம அப்படியே விட்டா. ஊசியில நீளமா ஒரு செவப்பு நூலைக் கோத்து, அடுத்து வர்றவங்களுக்குக் கை எட்டுற எடமாப் பாத்து, அந்த ஓரத்துலயே குத்தி வெச்சுட்டுப் போனா.