ஜமீன்தாரிடம் இல்லாத வார்த்தை

சிங்கம்பாறை ஜமீன்தாருக்கு அபூர்வமான இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்ப்பதில் பைத்தியம். விருந்தொன்றில் கையை வீசிப் புது வார்த்தையை விளக்கியவர், பரிமாறிக்கொண்டிருந்த சுடலையாண்டியின் ரசவாளியைத் தட்டிவிட்டார். கொதிக்கிற ரசம் அவன் காலில் கொட்டியது.

பழியும் அவன்மேல்தான்.

"என் வாயால் யாரும் கேட்டிராத இங்கிலீஷ் வார்த்தை ஒன்று சொல்லடா. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலையில்லை!"

"'சாரி'ங்கிற வார்த்தைதான் எசமான்."

"மடையா! அது தெருவில் போகிறவனுக்கும் தெரியுமே!"

"தெரியும் எசமான். ஆனா உங்க வாயால யாரு கேட்டா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீன்தாரின் மனைவி, "கல்யாணமான நாளா நானும் கேட்டதில்லை" என்றாள்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். "அபூர்வச் சரக்கு! சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா!"

ஜமீன்தார் இலையைப் பார்த்து அந்த வார்த்தையை முணுமுணுத்தார்.

"கொஞ்சம் சத்தமா எசமான்," என்றான் சுடலையாண்டி. "அம்மாவுக்கும் கேக்கணும்."