குழாயைப் பிடித்தவர் யார்?

மில் முதலாளி செய்த முதல் அநியாயம், பெட்ரோல் பங்க் ஊழியர் முத்தழகியை "ஏய்" என்று கூப்பிட்டது. இரண்டாவது, "இந்த ரேஸ் காருக்குப் பிரீமியம் பெட்ரோல்தானுங்க போடணும், மூடியிலேயே எழுதியிருக்குதே" என்றவளை "எனக்கே பாடமா?" என்று அதட்டியது. மூன்றாவது, அவள் கை பட்டால் பெயின்ட் போய்விடும் என்று குழாயைப் பிடுங்கிச் சாதா பெட்ரோலைத் தானே நிரப்பியது. நான்காவதுதான் பொறுக்க முடியாதது. மறுநாள் இன்ஜின் தட்டுகிறது என்று வந்து, பழியை அவள்மேல் போட்டார். மேனேஜர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

"சாதா பெட்ரோல் போட்ட ஆளை என்னங்க செய்யணும்?" என்றாள் முத்தழகி.

"இத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் இந்தப் பங்க்ல காலே வைக்கக் கூடாது!" என்றார் முதலாளி.

"ஆட்டோக்கார அண்ணன்களே, கேட்டுக்கிட்டீங்களா?" என்று பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்களைக் கேட்டாள்.

வாடிக்கையாளர் குழாயைப் பிடித்தால் நோட்டில் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பங்க் ஊழியர் சங்கம் ஏழு மாதம் தொண்டை வறளக் கத்தி வாங்கிய விதி அது. முத்தழகி நோட்டை மேனேஜரிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படிங்க சார்."

மேனேஜர் படித்தார்: "சாதா பெட்ரோல், அறுபது லிட்டர். குழாயைப் பிடித்தவர், வே. கனகரத்தினம், மில் உரிமையாளர்."