இருநூறு மூட்டை மிளகு

முன்னொரு காலத்தில், கடலோரத் தலைநகர் ஒன்றை ஆண்ட அரசருக்கு மிளகு வாங்கும் ஆசை பிறந்தது.

அது ஆசைப்படும் காலமே அல்ல. கடாரத்தில் பெரிய பெரிய வணிகர்களெல்லாம் நொடித்துப் போயிருந்தார்கள். சீனத்தில் பட்டு வாங்க ஆளில்லை. ஒரு வருடமாகத் துறைமுகத்துக்குக் கப்பலே வரவில்லை. பத்துப் பொன் பெறும் மிளகு மூட்டையை உள்ளூர் வணிகர்கள் பயத்தில் மூன்று பொன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அரசவை விகடன் செங்கோடன் அந்தத் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா மாலுமிகளுக்குச் சோறு விற்றவள். சாப்பிட வந்த பல தேசத்து மனிதர்களைச் சிரிக்கவைத்துத்தான் அவன் விகடம் பழகினான்.

அவனை அழைத்து, "செங்கோடா! இதோ முந்நூறு பொன். விலை விழுந்திருக்கும்போதே மிளகு வாங்கி வா" என்றார் அரசர்.

செங்கோடன் மேல் வெகுநாள் பொறாமை கொண்ட அமைச்சர் வில்லவராயர் உடனே எழுந்தார். "மகாராஜா, அரண்மனைப் பணம் வீணாகலாகாது. மூன்று நாள் கெடு வையுங்கள். அதற்குள் இவரைவிட மலிவாக இந்நகரில் எவரேனும் மிளகு வாங்கிவிட்டால், இவர் நகரை விட்டே போய்விட வேண்டும்."

வேடிக்கை பார்க்கும் ஆவலில் அரசரும் தலையாட்டிவிட்டார்.

விழுகிற விலை எங்கே நிற்கும் என்று கண்டவர் யார்? செங்கோடன் முதல் நாள் மூன்று பொன்னுக்கு ஒரே ஒரு மூட்டை வாங்கினான். இரண்டாம் நாள் பணப்பையை மடியில் கட்டிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றிவந்தான். ஒரு காலத்தில் இஞ்சியும் ஏலமும் மணந்த காற்றில் இப்போது பாசி நாற்றம். சாவகத்து மாலுமிகள் பாடிக்கொண்டே கயிறு இழுத்த இடத்தில் நண்டுகள் ஓடின. 'இதையும் விட்டுப் போக வேண்டுமா?' என்று எண்ணியபடி பணப்பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை வில்லவராயர் தம் காரியக்காரன் குப்பாண்டியைக் கூப்பிட்டார். "நம் கிட்டங்கியில் அடுக்கி வைத்திருக்கும் இருநூறு மூட்டை மிளகையும் மூட்டை ஒரு பொன்னுக்கு விற்றுவிடு. முதலில் கை நீட்டுபவனுக்கே கொடு" என்றார். விலை எப்படியும் இன்னும் விழத்தான் போகிறது. அதோடு விகடனும் தொலைந்தால் லாபம்தானே!

குப்பாண்டி கடைத்தெருவில் நின்று கூவினான். "மூட்டை ஒரு பொன்னு! மொத்தமா எடுக்கணும்!"

வணிகர்கள் பின்வாங்கினார்கள். "இன்னைக்கு ஒரு பொன்னுன்னா நாளைக்குச் சும்மாவே குடுப்பான், போவோம் வாங்க."

துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் முடிப்பது அந்த ஊர் வழக்கம். குப்பாண்டி துண்டை விரித்ததும் ஒரு கை உள்ளே நுழைந்து அவன் விரலைப் பற்றியது. நிமிர்ந்து பார்த்தால் செங்கோடன்!

"ஐயா, நீங்களா?"

"யாரா இருந்தா என்னய்யா? விரலைப் புடிச்சாச்சு, பேரம் முடிஞ்சுது. இந்தா இருநூறு பொன்னு."

மாலையில் சபை கூடியது. காரியக்காரன் வரும்வரை பொறுக்காமல் வில்லவராயர் முழங்கினார். "மகாராஜா! விகடர் கொடுத்தது மூன்று பொன். இன்றோ ஒரு பொன்னுக்கே விற்றிருக்கிறது!"

"வாங்கியவர் யார்?" என்றார் அரசர்.

அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த குப்பாண்டி, செங்கோடனைக் கை காட்டினான்.

செங்கோடன் வணங்கினான். "என்னைவிட மலிவாக வாங்கியவன் அடியேன்தான், மகாராஜா. மூன்று பொன் கொடுத்த செங்கோடனைத் தாராளமாகத் துரத்துங்கள். ஒரு பொன் கொடுத்த செங்கோடன் தங்கள் காலடியிலேயே கிடக்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. வில்லவராயர் மட்டும் தம் மேலாடையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தை மாதம் கடாரத்துக் கப்பல்கள் வந்தன. மிளகு மூட்டை பன்னிரண்டு பொன்னுக்கு ஏறியது. விற்ற லாபத்தில் அரசர் அவற்றில் ஒரு பெரிய கப்பலையே விலைக்கு வாங்கிவிட்டார். அரசர் செங்கோடனோடு துறைக்குப் போனார். கயிறு இழுக்கும் பாட்டைக் கேட்டதும் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. பழைய நாட்களெல்லாம் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் இறங்கி வருவது போலிருந்தது அவனுக்கு.

அதைக் கண்ட அரசர் மனம் இளகி, "செங்கோடா, இந்தப் பெரிய கப்பலில் பாதி உனக்கு!" என்றார்.

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மிதக்கிற பாதியைக் கொடுங்கள், மகாராஜா. மூழ்குகிற பாதி வில்லவராயருக்கே இருக்கட்டும்."

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறு கையால் முழுக் கப்பலையும் அவனுக்கே எழுதிக் கொடுத்தார்.